வெற்றுத் தோட்டா

அல் அய்ன் சனாயியாவில்
டயர்க் கடைகளைத் தாண்டினால் எங்கள் கடை.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே இருபத்திரண்டு, துப்பாக்கிகளுக்காக.
எங்களுக்காக என்றால் இருபத்தாறு வைத்திருப்பார்கள்.

முஹைர் நவம்பரில் அமெரிக்கா போகிறான்,
ஏதோ ஒரு சோளக்காட்டு ஓரம், மான் வேட்டை.
அங்கே ரைஃபிள் கூடாதாம். ஷாட்கன்தான்,
அதிலும் ஒற்றைக் குண்டுதான்.
வந்ததும் விரல் நீட்டினான்:
வெள்ளித் தகட்டில் வாத்து பறக்கும் பன்னிரண்டு போர்.
பதினெட்டாயிரம் திர்ஹம்.

விற்றிருக்கலாம். கமிஷன் வந்திருக்கும்.

"அது வாத்துக்கு" என்றேன், என் அரைகுறை அரபியில்.
அதன் குழல் உள்ளே வழுவழு.
ஒற்றைக் குண்டு அதில் கிளம்புவது
கல்யாண வீட்டிலிருந்து சித்தப்பா கிளம்புவது மாதிரி.
வாசல் வரை சரி,
பிறகு எங்கே போய்ச் சேருவார் என்று யாருக்கும் தெரியாது.

கீழ்த்தட்டிலிருந்து எடுத்தேன்
அழகே இல்லாத இருபது போரை.
கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, போல்ட் இழுக்கிற வகை.
குழலுக்குள் முறுக்குப் பள்ளம் உண்டு, குண்டு சுழன்று போகும்.
குழல் ஆடாது, ஊசி அடித்துப் பூட்டியது.
விசை கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் விடும்.
"இதுவா?" என்றான்,
பெண் பார்க்க வந்த இடத்தில்
வேறு யாரையோ காட்டிவிட்ட முகத்தோடு.

வெள்ளி காலை ஆறு மணி, சுடும் திடல்.
ஜெபல் ஹஃபீத் இன்னும் முழுசாக விழிக்கவில்லை.
நாலு கம்பெனித் தோட்டா கொண்டுபோனேன்.
ஒரே துப்பாக்கி, நாலுக்கும் நாலு புத்தி.
முதல் டப்பா குபூஸ் அகலத்துக்குச் சிதறியது,
இரண்டாவது அதற்கும் மேல்.
மூன்றாவதில் நூறு கஜத்தில் மூன்று துளை.
கரக் சாயா கப்பைக் கவிழ்த்து மூன்றையும் மூடினேன்.
நாலாவதைப் பிரிக்கவேயில்லை.

பிறகு முஹைர் உட்கார்ந்தான்.
அதே துப்பாக்கி, அதே மணல்மூட்டை, அதே டப்பா.
ஒன்று இடது கீழே. ஒன்று இன்னும் கீழே.
ஒன்று அட்டையிலேயே இல்லை.
"துப்பாக்கி சரியில்லை."

நான் பதில் சொல்லவில்லை.
அடுத்து நிரப்பும்போது நடுவில் ஒன்று வைத்தேன்,
உள்ளே மருந்தும் இல்லை குண்டும் இல்லை,
பார்வைக்கு மட்டும் தோட்டா.

டிக்.

வெடிக்கவில்லை. ஆனாலும்
குழல் முனை ஒரு சாண் தரைக்குக் குனிந்தது.
அவன் கண் இறுக்கி மூடியிருந்தது.
திடல் பொறுப்பாளர் குல் பாச்சா
சட்டென்று மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

நெடுநேரம் காது மஃபை விரலால் தடவிக்கொண்டிருந்தான் முஹைர்.
வேலை போய்விடும் என்று நினைத்தேன்.
"இன்னொன்று வை" என்றான்.

அன்று நாற்பது டிக்.
மறுவாரம் அறுபது.
இடையில் ஒருநாள் கேட்டான்,
உங்கள் ஊரில் மான் உண்டா, சுடுவாயா?
உண்டு. சுட்டால் ஜெயில்.
என் மச்சான் படித்த சென்னைக் காலேஜில்
ஹாஸ்டல் குப்பைத் தொட்டியில் நேற்றைய இட்லி தின்னும்,
விரட்டினால்கூட மெதுவாகத்தான் போகும்.
அவன் நம்பவில்லை. இட்லி என்றால் என்ன என்று
விளக்க எனக்கு அரபி போதவில்லை.

லைசென்ஸ் நகல், வரிசை எண், கையெழுத்து.
விற்றவர்: ஞானதுரை.
விசாவில் நான் ஸ்டோர் கீப்பர்.
நூறு கஜத்துக்கு மேல் வேண்டாம் என்று
பெட்டியை மூடும்போது சொன்னேன்.
தலையாட்டினானா, கழுத்தைச் சொடுக்கினானா, தெரியவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ்.
காற்று, சோளத்தாள் உரசும் சத்தம்.
"ஒரே தடவைதான் விசையைத் தொட்டேன்.
கண் திறந்தே இருந்தது."
மானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
டயர்க் கடை இரைச்சலில் மறுபடி போட்டுக் கேட்டேன்.
இல்லை.

வெற்றுத் தோட்டா டிராயரில் கிடக்கிறது,
பித்தளை விளிம்பு மழுங்கி.
கதவு திறக்கிறது, வெயில் ஒரு முழம் உள்ளே வருகிறது.
பின்னாலேயே ஒருவர்.
வாத்தைக் காட்டி விலை கேட்கிறார்.